மாப்பிள்ளைக்குக் காற்று பரிமாறிய கதை

உபசரிப்பில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டுபவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெருமையில் ஒருமுறை செத்தே போயிருப்பேன். அதுவும் பந்தியில் அல்ல, பன்னிரண்டு அடித் தண்ணீருக்குள்.

மகளுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மாப்பிள்ளை பிரபுவுக்கு ஸ்கூபா டைவிங் என்றால் உயிர். குடும்பத்தோடு அந்தமான் போவதாக ஏற்பாடு. "மாமா, நீங்களும் வாங்க, ரெண்டு பேரும் கடலுக்கு அடியில போலாங்க" என்று அவர் கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சூலூர்ப் பக்கம் எழுபது அடிக் கிணற்றில் குதித்து வளர்ந்தவன் நான். (குதித்தது தண்ணீருக்கு மேலே இரண்டாவது படியிலிருந்து. அதை யாரும் கேட்கவில்லை.)

கோவையில் ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சி. சொல்லிக்கொடுத்த ஜெனிஃபர் கண்டிப்பான பெண்.

"அங்கிள், மூச்சை மட்டும் எப்பவும் அடக்கக் கூடாதுங்க. கூட வர்றவருக்குக் காத்து தீந்துபோச்சுன்னா, நெஞ்சுல தொங்குற இந்த ஸ்பேர் குழாயைக் குடுக்கோணும். வாயில இருக்கறது உங்களுக்கு. புரிஞ்சுதுங்களா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம் கண்ணு" என்றேன்.

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு குளத்தின் அடியில் ஒத்திகை. மாப்பிள்ளை கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினார். காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மஞ்சள் நிற ஸ்பேர் குழாயை எடுக்கப் போன என் கை நின்றுவிட்டது. வீட்டு மாப்பிள்ளைக்குப் போய் ஸ்பேரைக் கொடுப்பதா? என் வாயில் இருந்ததையே கழற்றினேன். எச்சில் பட்டதாயிற்றே என்று தண்ணீருக்குள்ளேயே பனியனில் நன்றாகத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

மிரண்டுபோய் வாங்கிக்கொண்டவர், உடனே மஞ்சள் குழாயைச் சுட்டிக்காட்டினார். அதை நான் வாயில் மாட்டிக்கொள்ளச் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது என்று நான் அதையும் அவர் கையில் திணித்தேன். மாப்பிள்ளை கை கழுவும் முன் மாமனார் இலையில் உட்காருவது மரியாதையா? மூச்சை அடக்கிக்கொண்டு கைகட்டிக் காத்திருந்தேன்.

பத்து எண்ணும்வரை நான் கிணற்று வீரன். அதற்குமேல் நெஞ்சு எரிந்தது. உண்மையிலேயே பயந்துவிட்டேன். மகள் முகம்தான் கண்ணில் வந்தது. கைகாலை உதறியதில் மாப்பிள்ளையின் முகக்கண்ணாடி பறந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என்னைப் பிடித்தது. ஜெனிஃபர்தான். தன் ஸ்பேர் குழாயை என் வாயில் திணித்து, நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துப் பார்த்து மெதுவாக மேலே கொண்டுவந்தார்.

கரையில் இருமிக்கொண்டு கிடந்தேன்.

"முன்னால வந்திருந்தா என்னையும் புடிச்சு அமுக்கியிருப்பீங்க, அதான் பின்னால வந்தனுங்க" என்றார் ஜெனிஃபர். "மொதல்ல உங்க மூச்சு உங்ககிட்ட இருக்கோணும் அங்கிள். அப்பத்தான் அடுத்தவங்களைக் காப்பாத்த முடியும்."

வேடிக்கை பார்க்க வந்திருந்த என் மனைவி துண்டோடு ஓடிவந்து, "ஏனுங்க, மாப்பளைக்குக் குடுத்து மிச்சமிருந்தாத்தான் நீங்க மூச்சு உடுவீங்களாக்கும்?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். நானும்தான்.

அந்தமான் போனோம். எல்லோரும் கடலுக்குள் இறங்கினார்கள். நான் கரையில் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன்.

இன்றும் மாப்பிள்ளை எங்கள் வீட்டில் இலை முன் உட்கார்ந்தால், நான் சாம்பார் வாளியோடு நெருங்கும்போதே கையை நீட்டி மறித்துச் சொல்வார்: "மாமா, நீங்க மொதல்ல ஒரு மூச்சு வாங்கிக்குங்க." வீடே சிரிக்கும். அவர் சொல்வது விளையாட்டுக்குத்தான். நான் நிஜமாகவே ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுக்கொண்டுதான் கரண்டியைத் தொடுகிறேன்.