அளவு சாரும் பத்தொன்பது பாடும்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த அன்றைக்கு அளவு சார் பக்கத்தில் இருந்திருந்தால், "முயற்சி தேவை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பார். அம்மன் என்னை மன்னிக்கட்டும்.

டீச்சர்கள் வகுப்பில் கம்ப்யூட்டரை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்று அளப்பதுதான் அவர் உத்தியோகம். நிஜப் பேர் யாருக்கும் தெரியாது. கழுத்தில் தாலி மாதிரி ஒரு ஸ்டாப் வாட்ச். பழவேற்காட்டில் படகுக்குக் காத்திருந்த நேரத்தில், ஒல்லாந்தர் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைப் பார்த்து, "நிற்கிற விதம் நன்று, ஈடுபாடு போதாது" என்றாராம். படகுக்காரர் சொன்னார். அவருக்கும் மார்க்கு குறைவுதான்.

எங்கள் தீவுப் பள்ளியில் ஒரே கம்ப்யூட்டர், பத்தொன்பது பிள்ளைகள். மார்க்கு குறைந்தால் கம்ப்யூட்டர் வேறு பள்ளிக்குப் போய்விடும். அளவு சார் வந்த அன்று டீச்சர் காலையிலிருந்தே கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெற்றோர் சார்பில் உட்கார்ந்திருந்த நான் அம்மன் பேரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் முன்னால் என் மகள்.

"ஏம்மா, நீ மட்டும் உட்கார்ந்திருக்கே?"

"இன்னிக்கு என் பாடு சார்."

"அப்படியா? பாடு." வாட்சை அழுத்தினார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஆபீசர் சொன்னால் மறுக்கலாமா? கோயில் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடினாள்.

"நாலு நிமிஷம். கணினி முன் இசை" என்று எழுதிக்கொண்டார். "நாளைக்கு?"

"தேவி பாடு சார்."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே பாடட்டும்."

பத்தொன்பது பேரும் பாடினார்கள். கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. டீச்சர் கண்ணில் தண்ணீர். அதை "ஆசிரியரின் ரசனை" என்று குறித்தார். கடைசியில் வாய்விட்டுப் படித்தார்: "பாட்டு, நன்று. கம்ப்யூட்டர் பயன்பாடு, இல்லை."

நான் எழுந்துவிட்டேன்.

"இன்னா சார் இது! பாடுன்னா பாட்டு இல்ல சார். ஏரியில யாருக்கு எந்த நாளு, எந்த இடம்னு எங்காளுங்க சீட்டு எடுத்து முறை வெச்சிருக்காங்க. அதான் பாடு. அடுத்தவன் பாடு அன்னிக்கு நாம வலை இறக்குனா ஊரே சும்மா வுடாது. டீச்சர் கம்ப்யூட்டருக்கும் அதே மாதிரி சீட்டு போட்டு வெச்சாங்க. இதுவரைக்கும் ஒரு புள்ளைக்குப் பாடு தவறல சார்."

சார் வாட்சை நிறுத்தினார். காகிதத்தை மேலிருந்து கீழே தேடினார். அதற்குக் கட்டம் இல்லை. பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, ஓரத்தில் புதிதாய் ஒரு கட்டம் போட்டார். "பாடு" என்று எழுதி, முழு மார்க்கு போட்டார். வாழ்க்கையில் முதல் தடவை போலிருக்கிறது.

கம்ப்யூட்டர் எங்களிடமே இருக்கிறது. ஆடி வெள்ளி அர்ச்சனைக்கு எங்கள் வீட்டுப் பேர்களோடு "அளவு சார்" என்றும் சொல்வேன்.

"நட்சத்திரம்?" என்பார் பூசாரி.

"தெரியல சாமி. நல்லதா ஒண்ணு நீங்களே போடுங்க."