குளத்துத் தகடும் ராஜா பேனரும்

ஒரு காட்டில் நரி கோழிப்பண்ணை நடத்தியது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள், கோர்ட்டுக்கு அலைய எனக்குத் தெம்பில்லை. நரிக்கு எப்படி லைசென்ஸ் கொடுத்தார்கள் என்றும் கேட்காதீர்கள். கோழிகள் சாகாமல் கொழுக்க, தீவனத்தில் மூட்டை மூட்டையாக ஆன்டிபயாடிக் கலந்தது. பண்ணையைக் கழுவிய தண்ணீரையெல்லாம் குளத்தில் விட்டது.

குளத்துக் கிருமிகள் அதைக் குடித்துக் குடித்துப் பழகிவிட்டன. தவமணி என்ற முயலின் குட்டிக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்தது. மூன்று ஊசி போட்டுப் பார்த்த டாக்டர் கரடி கையை விரித்தார்.

"எந்த மருந்துக்கும் கேக்க மாட்டேங்குதும்மா. புண்ணைக் கழுவுறதும் அந்தக் குளத்துத் தண்ணியிலதானே? குளம் சுத்தமானாத்தான் புண்ணு ஆறும்."

எஞ்சினியர் நீர்நாய் வெள்ளைப் பொடி பூசிய பெரிய தகடு ஒன்றைக் கொண்டுவந்தது. "இதை மிதக்க விட்டு வெயில் பட்டாப் போதும். தண்ணியில இருக்கற மருந்தைப் பொடி உடைச்சுத் தள்ளிடும்."

தவமணி சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

திறப்பு விழா என்றால் பேனர் இல்லாமலா? நரி நாற்பதடிக்குச் சிங்கராஜா முகத்தை அடித்து, தகட்டுக்கு மேலே பந்தல் மாதிரி விரித்துக் கட்டியது. பறக்கிற கழுகும் ராஜாவைப் பார்க்க வேண்டுமாம். ராஜா வந்தார், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார். பேனர் போகவில்லை. தகடு நிழலில் சும்மா மிதந்தது.

"பேனரை அவுக்கணுமே," என்றது நீர்நாய்.

"ராஜா மொகத்தையா? ஏன்யா, வேலையில இருக்க ஆசையில்லையா?" என்றது நரி.

குட்டிக்குத் தொடை வரை வீங்கியது. தவமணிக்குப் பயம் விட்டுப்போனது. பட்டப்பகலில் மூங்கில் சாரத்தில் ஏறி ராஜாவின் இடது கண்ணைக் கடித்து ஓட்டை போட்டாள். நரி ஓடி வந்தது.

"அடியே! யார் மொகத்துல வாய் வைக்கிற?"

"காத்துக்குத்தான் அண்ணே. எல்லாப் பேனர்லயும் போடுறதுதானே? ஆடிக்காத்துல ராஜா மொகம் ரெண்டாக் கிழிஞ்சா உங்களைத்தானே கேப்பாங்க?"

நரி பேனரை அண்ணாந்து பார்த்தது. "அப்ப மூக்குலயும் போடு. நெத்தியில பெரிசாப் போடு. மீசையை விட்டுடாதே!" தானே ஒரு ஏணி கொண்டுவந்து பிடித்துக்கொண்டது.

ராஜா முகத்தில் அறுபது ஓட்டை. அதன் வழியே வெயில் இறங்கித் தகடு வேலை செய்தது. குளத்தில் மருந்து வற்ற, கிருமிகளின் தெனாவட்டும் வற்றியது. டாக்டர் போட்ட நாலாவது ஊசி கேட்டது. குட்டி நொண்டாமல் ஓடியது. குளத்தைக் காப்பாற்றியதற்காக நரிக்கு விருது கொடுத்தார்கள்.

நீதி: தலைவர் முகத்தில் ஓட்டை போடாமல் ஊருக்கு வெளிச்சம் வராது, போடும்போது உன் முகத்தில் பக்தி இருக்கட்டும்.