கழிவென்று எழுதிய வீடு

"பள்ளம் வெட்டியாச்சு. நாளைக்குக் குழாய் இறக்குறோம்" என்று மேஸ்திரி ராயப்பராஜ் சொல்லிவிட்டுப் போனபோது, சுருளிவேல் ஒரு குழாய்க்குள் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

அதுதான் அவன் வீடு. திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக ரெட்டியார்சத்திரத்துப் பொட்டலில் வரிசையாகக் கிடந்த பெரிய சிமெண்டுக் குழாய்களில் ஒன்று. இரண்டு வாயிலும் ஓலைத் தட்டி. சுத்தியலால் குழாயைத் தட்டிக் கேட்பது அவன் வேலை. கணீரென்றால் நல்லது. பொத்தென்றால், மேலே வழவழப்பாக இருந்தாலும் உள்ளே பொரிந்துபோனது. அதைக் கழிவென்று ஒதுக்கச் சிவப்புச் சாயத்தில் குறி போட்டுவிடுவான். குடியிருக்க மட்டும், இருந்ததிலேயே கணீரென்றதைத் தேடி எடுத்திருந்தான்.

"நல்ல குழாயாப் பாத்துத்தான் மொதல்ல உருட்டுவாக" என்றான்.

"ஐப்பசி மழையில பெறப்போறேன். பிள்ளையத் தூக்கிட்டு எங்க போக?" என்றாள் அவன் பெண்டாட்டி சுந்தரம்மாள்.

"செவப்புக் குறி போட்டா யாரு தொடப்போறா?"

போட்டான். மத்தியானம் ராயப்பராஜ் வந்து தட்டினார். கோயில் மணியாகக் கேட்டது.

"ஏலே, கழிவுங்குற. கணீர்ங்குது?"

"பசியில உங்களுக்குக் காதடைச்சிருக்கும்ணே. சாப்பிட்டுட்டுச் செத்த நேரம் கழிச்சு வாங்க."

அவர் சாப்பிட்டுத் திரும்பி வருவதற்குள் ஈரச் சாக்கையும் மணலையும் உள்ளே முழங்கால் உயரத்துக்குத் திணித்தான். படுக்க இடமில்லாமல் சுந்தரம்மாள் வெயிலில் உட்கார்ந்தாள்.

"வீட்டக் காப்பாத்துறேன்னு வீட்டுக்குள்ளயே மண்ணள்ளிப் போடுறியே."

இந்தத் தடவை பொத்தென்றது. ராயப்பராஜுக்கு முகம் மலர்ந்தது. "சரி, கழிவோட சேத்துக்கிறேன்."

அப்படியும் சுருளிவேலுக்கு மனசு ஆறவில்லை. முதியோர் வகுப்பில் ஆறு மாதம் படித்த எழுத்தையெல்லாம் திரட்டி, குழாயின் மேல் முழ நீளத்துக்குக் 'கழிவு' என்று எழுதினான். நாலு பேர் பார்க்க அவன் எழுதிய முதல் சொல் அது.

விடிந்ததும் கடப்பாரைகளோடு ஆட்கள் வந்தார்கள். குறியில்லாத குழாய்களையெல்லாம் தாண்டி, நேரே அவன் வீட்டை நெம்பினார்கள். சட்டியும் சாக்கும் உள்ளே உருண்டன. சுந்தரம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பானையை எடுக்க ஓடினாள்.

"ஏலே கருப்பணா, கழிவுன்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்று முன்னால் நெம்பியவனைப் பார்த்துக் கத்தினான் சுருளிவேல்.

கருப்பணன் குழாய்க்கடியில் கொடுத்த கடப்பாரையை எடுக்காமலே சொன்னான்: "படிச்சுட்டுத்தாண்ணே வந்தோம். ஆபீசர் வாரதுக்குள்ள கழிவெல்லாம் மண்ணுக்குள்ள போயிரணுமாம். நல்லதெல்லாம் மேலயே கிடக்கட்டும், அவரு தட்டிப் பாக்கன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."