எண் சரியாக இருந்த துப்பாக்கி

முப்பது வருடம் துப்பாக்கி உரிமப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அத்தனை வருடத்தில் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொட்டதில்லை என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். தொட்டதெல்லாம் விண்ணப்பங்கள்.

என் மகளின் மாமனாருக்கு இது தெரியாது. (நிச்சயதார்த்தப் பந்தியில் கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டேன்.) வாடிப்பட்டிப் பக்கம் அவருக்கு நிலக்கடலை. காட்டுப்பன்றிகள் வரிசை வரிசையாகத் தோண்டிக்கொண்டிருந்தன. விரட்டுவதற்காகப் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வாங்கியிருந்தார். படிவம் நிரப்பியது நான். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. இனி மலிவாக ஒரு பழைய வேட்டை ரைபிள் வேண்டும். அது தேறுமா என்று நான் சொல்ல வேண்டும்.

மதுரையில் கடைக்காரர் மேசைமேல் இரண்டை வைத்தார். ஒன்று கட்டை வெளிறி, அடிபட்டுக் கிடந்தது. மற்றது பாலிஷில் மின்னியது. மின்னியதைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழலுக்குள் உற்றுப் பார்த்தேன்.

கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். “ஐயா, அது குண்டு வெளிய வார பக்கம்.”

“தெரியும். வெளிய வார எடத்துலதான பாக்கணும்?” என்றேன். (அது காலியாக இருந்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன்.)

பிறகு எனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கினேன். லென்ஸை வைத்து, குழலில் பொறித்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன். மின்னியதில் அச்சடித்தாற்போல் இருந்தது. அடிபட்டதில் கடைசி இலக்கம் தேய்ந்து, மூன்றா எட்டா என்று தெரியவில்லை. நிராகரித்தேன்.

சம்பந்தி மின்னியதை என் கையிலிருந்து வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். “சம்பந்தி, குழல் கட்டையில ஒக்காராம ஆடுதே. மம்பட்டிக் காம்பு இம்புட்டு ஆடுனாலே நான் வாங்க மாட்டேன்.”

“ஆட்டத்துக்கெல்லாம் படிவத்துல எடமே இல்ல சம்பந்தி. நம்பர் சரி, சீல் சரி, கையெழுத்து சரி. இன்னும் என்ன வேணும்?”

“நீங்க சொன்னா சரிதேன்.”

அதையே வாங்கினோம். மறுநாள் காலை கடலைக் காட்டில் மண்மேட்டின் முன்னால் ஒரு பானையைக் கவிழ்த்து வைத்தார்கள். மொத்தக் குடும்பமும் பின்னால் நிற்க, சம்பந்தி குறி பார்த்துச் சுட்டார். பானை அசையவில்லை. நாலடி தள்ளி நின்ற வைக்கோல் பொம்மைதான் ஆடியது. நான் பணி ஓய்வு பெற்ற அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையை என் மனைவி அந்தப் பொம்மைக்குத் தானம் செய்திருந்தாள். பேனா குத்தும் பையில் சரியாக ஓர் ஓட்டை.

“நல்லவேளை, மாமா சட்டைய மட்டுந்தேன் அனுப்பியிருந்தாரு,” என்றார் மருமகன்.

துப்பாக்கியை மாற்றும் நடைமுறை எனக்கு அத்துப்படி. உரிமத்தில் திருத்தம் ஏறப் பத்து நாள் ஆகும் என்பதும் அத்துப்படி. அந்தப் பத்து நாளில் பன்றிகள் கால்வாசிக் கடலையை முடித்துவிட்டன. அடிபட்ட ரைபிளின் கடைசி இலக்கம் எட்டு. கடைப் பதிவேட்டிலேயே இருந்தது. கேட்டிருந்தால் கடைக்காரர் காட்டியிருப்பார். அந்த ரைபிளில் சுட்ட முதல் குண்டிலேயே பானை சிதறியது.

சம்பந்தி இன்றுவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பொம்மையின் சட்டையை மட்டும் மாற்ற மறுக்கிறார். வீட்டில் எது வாங்கினாலும் மருமகன் அதை என் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார். “மாமா, மத்ததெல்லாம் நாங்க பாத்துட்டோம். நம்பரை மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க.”

நானும் லென்ஸை எடுத்துப் பார்க்கிறேன். போன மாதம் வந்த மிக்சியில் ஓர் இலக்கம் ரசீதோடு ஒத்துப்போகவில்லை. சொன்னேன். அதற்குள் சட்னி அரைத்துவிட்டார்கள்.