மூடுபனி டெக்

ஞாயிற்றுக்கிழமை, மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. கொடகவெல பஜாரில் றிஸ்மியின் போன் கடைப் பின்னறையில் சசியும் அப்லாலும் இன்னும் எழுந்திருக்கவில்லை. இருவருக்கும் புள்ளி சமம். கொழும்பில் நடக்கும் கார்ட் போட்டிக்குக் கடையிலிருந்து ஒருவர்தான் போகலாம். பெயரை இன்றைக்கே அனுப்ப வேண்டும்.

ஒருவரோடொருவர் ஆடிப் பார்த்தாயிற்று. நேரம் முடிந்தது, ஆட்டம் முடியவில்லை.

"அப்ப கஷ்டமான டெக் வெச்சிரிக்கிறவர் போகட்டும்," என்றான் றிஸ்மி. பிரச்சினை தீர்ந்ததென்று நினைத்தான்.

டெக் என்பது அவரவர் சேர்த்த கார்டுகளில் அவரவரே கட்டிக்கொள்ளும் சீட்டுக்கட்டு. அங்கே ஆட வருகிறவர்களில் இக்ராமின் டெக்தான் எல்லாவற்றிலும் லேசு என்பதில் இக்ராம் உட்பட எல்லோருக்கும் சம்மதம். மற்றபடி யாருக்கும் எதிலும் சம்மதமில்லை. அப்லாலுடையது நெருப்பு டெக். கார்ட் வர வர இறக்கி அடிக்க வேண்டும். சசியுடையது மூடுபனி டெக். அதில் அடியே கிடையாது. எதிராளி செய்வதையெல்லாம் தடுத்து, அவர் கை காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல கார்டை ஒரு முறை முந்திப் போட்டாலும் கதை முடிந்தது.

போன வருடம் கொழும்புக்குப் போனதும் நெருப்பு டெக்தான். இந்த வருடம் தான் போவதாகச் சசி தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லியிருந்தான். பெக்டரியில் லீவும் எடுத்துவிட்டான்.

"உங்க டெக்க கண்ண மூடிக்கிட்டு ஆடலாம், அப்லால்."

"ஒங்கட டெக்க தூங்கிக்கொண்டே ஆடேலும், சசி அண்ணன். எதிர்ல இரிக்கிறவனும் தூங்கிப் போறான்."

சசிக்கு ஒரு யோசனை வந்தது. விளையாட்டே தெரியாத இரண்டு பேரிடம் இரண்டு டெக்கையும் கொடுப்பது. எது தோற்கிறதோ அதுதான் கஷ்டமானது. றிஸ்மி யோசித்துப் பார்த்து, ஹரி என்று சிங்களத்தில் சம்மதித்தான். அப்லாலும் ஒத்துக்கொண்டான்.

நெருப்பு டெக், சார்ஜர் வாங்க வந்த தையல் கடை அப்துல் ரஸாக்கின் கைக்குப் போனது. மூடுபனிக்கு ஆள் தேடும்போது சசியின் மனைவி விஜயகலா குடையோடு வாசலில் வந்து நின்றாள். தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவள். இதோ வருகிறேன் என்று எதிர்ச் சேலைக் கடையில் அவளை உட்கார வைத்துவிட்டு வந்ததைச் சசி மறந்தே போயிருந்தான்.

இவளை விட நிச்சயமாகத் தோற்கக்கூடிய ஆள் கிடைக்காது என்று அவனுக்குப் பட்டது.

கார்டில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். அதனால் டெக்குக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்லலாம், எதைப் போடுவதென்று சொல்லக்கூடாது என்று றிஸ்மி தீர்மானித்தான். அப்துல் ரஸாக் வாசிக்கவே விடவில்லை. கைக்கு வந்ததைப் போட்டுக்கொண்டே போனார். விஜயகலா ஒவ்வொரு கார்டாகத் தொட்டு, இது என்னங்க, இது என்னங்க என்று கேட்டாள். சசி நேர்மையாக வாசித்தான். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றைப் போட்டாள்.

அது சரியான கார்டாக இருந்தது.

அடுத்ததும் சரியாக இருந்தது. ரஸாக்கின் கை காலியானது.

குருட்டு அதிர்ஷ்டம், ஒரு ஆட்டத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றான் சசி. மூன்றில் இரண்டு வெல்பவர் என்று வைத்துக்கொள்வோம் என்றும் அவனே சொன்னான். அப்லால் உடனே சரி என்றான்.

இரண்டாவது ஆட்டத்தில் சசிக்கு வியர்த்தது. அவனே திணறக்கூடிய கார்டுகள் அவள் கைக்கு வந்திருந்தன. அப்படியும் அவள் சரியாகவே போடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சுவரில் தொங்கிய போன் கவர்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தான்.

"இங்க பாத்து வாசிங்க," என்றாள் விஜயகலா. "இல்லாட்டி எனக்கு வெளங்காது."

அவன் திரும்பினான். அவள் நடுவில் இருந்த கார்டைத் தொட்டாள். அவன் வாசித்தான். அதைப் போட்டாள். ஆட்டம் முடிந்தது.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சசிக்கு அதிகம் வலித்தது.

"அக்கா இப்ப வந்து ஒக்காந்தவங்க," என்றான் அப்லால் மெதுவாக. "இதவிட லேசான டெக் இரிக்கா?"

இக்ராம் எழுந்து வந்து, தன் டெக் இனிமேல் கடைசி இல்லைதானே என்று றிஸ்மியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். றிஸ்மி அப்லாலின் பெயரைக் கொழும்புக்கு அனுப்பினான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சசி கார்டுகளைப் பொறுக்கி அடுக்கினான். இந்த டெக்கை எத்தனை பஸ் பயணங்களில் மனதுக்குள்ளேயே ஆடியிருப்பான். இனி லயத்தில் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அப்துல் ரஸாக்குக்கு மட்டும் மனது ஆறவில்லை. "தங்கச்சி, ஒன்னும் தெரியாம எப்படிம்மா வெண்டீங்க?"

விஜயகலா குடையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு என்னங்க தெரியும், ரஸாக் நானா. எதத் தொடுறப்ப இவரு மொகம் செத்துப்போகுதோ, அதப் போட்டேன். சேலக் கடையிலயும் நான் அப்படித்தான் எடுப்பேன்." பிறகு சசியிடம் திரும்பினாள். "ரெண்டு சேல எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். வந்து பக்கத்துல நிக்கிறீங்களா?"