ஜனவரிக் கூலர்

குழந்தை பெற்ற ஆண்களில் பல வகை உண்டு. குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறவர், தூக்கிய குழந்தையைக் கீழே விட மறுக்கிறவர், குழந்தை வீறிட்ட மாத்திரத்தில் ஆபீஸில் அவசர வேலை இருப்பது ஞாபகத்துக்கு வருகிறவர். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் சொல்ல வந்தது இன்னொரு வகை. இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் இரைச்சல் அப்பா. குழந்தை தூங்கவேண்டுமென்றால் வீடு இரைய வேண்டும் என்று நம்புகிறவர். நம்புவதோடு நின்றால் பரவாயில்லை. நிற்க மாட்டார்.

இவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? நீங்கள் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார், கேட்காது. காலால் உதைத்தால் திறப்பார். திறந்தவுடன், "மெதுவாப் பேசுங்கோ, குழந்தை தூங்கறது!" என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்துவார். இத்தனை இரைச்சலில் என் பேச்சா குழந்தையை எழுப்பிவிடப் போகிறது என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். "உங்க பேச்சு சத்தம் சார். இது தூக்கம்" என்று மூலையில் இரைந்துகொண்டிருக்கும் கூலரைக் காட்டுவார்.

கரோல் பாகில் எங்கள் எதிர்ப் போர்ஷனில் குடியிருந்த கஸ்தூரிரங்கன்தான் இந்த வகைக்கு நான் கண்ட மிகச் சிறந்த மாதிரி. மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீஸர். ஏப்ரல் மாதம் அவருக்கும் வத்சலாவுக்கும் பெண் பிறந்தது. ருக்மிணி என்று பெயர் வைத்து ருக்கு என்று கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் மனிதர் எதிர்க் கட்சியில் இருந்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதாவது நிசப்தக் கட்சி. அழைப்பு மணிக்குள் துணியைத் திணித்தார். குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்து அரை வேக்காட்டுச் சாதத்தைச் சாப்பிட்டார். காய்கறி வண்டிக்காரரிடம் போய், தன் வீட்டைத் தாண்டும்வரை கத்திரிக்காயை சைகையில் விற்கும்படி கேட்டுக்கொண்டார். அந்த நல்ல மனிதரும் கத்திரிக்காயை உயரத் தூக்கிப் பிடித்தபடி ஊமையாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். ஆனால் ருக்கு மட்டும் தூங்கவேயில்லை.

மே மாதம் கூலர் வந்தது. டில்லிக் கூலரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆளுயரத் தகரப் பெட்டி, மூன்று பக்கமும் புல் தட்டி, தட்டியில் சொட்டச் சொட்டத் தண்ணீர், உள்ளே ராட்சச விசிறி. தருகிற குளிர்ச்சி கொஞ்சம், போடுகிற சத்தம் ஒரு மாவு மில் அளவு. ஸ்விட்சைப் போட்டார். அலறிக்கொண்டிருந்த ருக்கு அலறலைப் பாதியில் நிறுத்தினாள், கூலரை ஒரு பார்வை பார்த்தாள், கொட்டாவி விட்டாள், தூங்கிப்போனாள்.

கஸ்தூரிரங்கன் அந்த நிமிஷமே கட்சி மாறினார். கட்சி மாறினவர்களின் உற்சாகம் உங்களுக்குத் தெரியாததா?

"அம்மா வயித்துக்குள்ள என்ன நிசப்தமா சார்? ரத்தம் ஓடற சத்தம், இதயம் அடிக்கற சத்தம், சாப்பிட்டது ஜீரணம் ஆகற சத்தம்! ஒரு ஃபாக்டரியே ஓடறது. பத்து மாசம் ஃபாக்டரியில இருந்துட்டு வந்த குழந்தையை சமாதியில கொண்டுபோய் வெச்சா அழாம என்ன பண்ணும்?" என்பார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அதுதான் தொந்தரவே. முழுப் பொய்யைச் சொல்கிறவரிடம் வாதாடலாம். கொஞ்சம் உண்மை கையில் கிடைத்துவிட்டவரிடம் யார் வாதாடுவது?

சத்தங்களை ரகம் பிரிக்கவும் ஆரம்பித்தார். மிக்ஸியா? கரகரப்பு ஜாஸ்தி. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனா? நடுநடுவே மூச்சு வாங்குகிறது. ரேடியோவில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தினால் வருகிற 'உஸ்ஸ்' அவருக்கு ரொம்பப் பிடித்தம். "அப்பழுக்கில்லாத சத்தம் சார். ஆனா திடீர்னு யாரோ ஒருத்தன் குறுக்க வந்து கோதுமை விலையைச் சொல்லிடறான்" என்று வருத்தப்படுவார். கடைசியில் கூலருக்கு ஈடு கூலர்தான் என்று தீர்ப்பாயிற்று. பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் அழைக்காமலே போய், தொட்டிலருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "உங்க வீட்ல சத்தம் பத்தாது" என்று சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டு வருவார்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் குழந்தை டாக்டரிடமும் இந்தத் தத்துவத்தை விளக்கினார். அந்தப் பஞ்சாபி அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஷோர் டீக் ஹை" என்றாள். சத்தம் இருக்கலாம், தப்பில்லை. அதோடு முடிக்கவில்லை அவள். சத்தம் போடுகிற சாமான் குழந்தையை விட்டுத் தள்ளி, அறையின் அந்தக் கோடியில் இருக்கட்டும். பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசினால் காதில் விழுகிற அளவுக்குத்தான் இரையட்டும். குழந்தை தூங்கினதும் நிறுத்திவிடுங்கள், பிஞ்சுக் காது என்றும் சொன்னாள். இவ்வளவையும் வத்சலா கேட்டுக்கொண்டாள். கஸ்தூரிரங்கன் 'ஷோர் டீக் ஹை' என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் தொட்டிலைக் கூலருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். டாக்டரே சொல்லிவிட்டாளே!

அக்டோபரில் டில்லியே கூலரை வடித்து, துடைத்து, சாக்குப் போட்டு மூடியது. எதிர்ப் போர்ஷன் மூடவில்லை. தண்ணீரை மட்டும் நிறுத்திவிட்டு விசிறியை ஓடவிட்டார்கள். நவம்பர், டிசம்பர், ஜனவரி. வெளியே மூடுபனி, வீட்டுக்குள் சூறாவளி. ருக்குவுக்கு ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய். வத்சலா ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ரசம் வைப்பாள். காலண்டர் சுவரில் தங்காது. ஒருநாள் அவர்கள் வீட்டில் எனக்குக் கொடுத்த அப்பளம் தட்டிலிருந்து கிளம்பி ஷூ அலமாரிக்கு அடியில் போய்விட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஜனவரியில்தான் வத்சலா என் மனைவியிடம் வந்து அழுதாள்.

"மாமி, கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறா. ருக்கு ருக்குன்னு தொண்டை கிழியக் கத்தறேன். எங்கயோ பாத்துண்டிருக்கா. ஒம்பது மாசக் குழந்தை பேரைச் சொன்னா திரும்ப வேண்டாமா? காது போயிடுத்தோன்னு பயமா இருக்கு மாமி."

நான் போய்க் கஸ்தூரிரங்கனிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இந்தச் சத்தத்துல அவ கூப்பிடறது எனக்கே கேக்கல சார். குழந்தைக்கு எப்படிக் கேக்கும்?"

"அதைத்தானய்யா நானும் சொல்றேன்!"

"என்ன சொல்றேள்?" என்றார், காதை என் பக்கம் சாய்த்து.

இந்த நிலைமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெலிவிஷனில் தமிழ்ப் படம் வந்தது. இது எவ்வளவு பெரிய விசேஷம் என்பது டில்லியில் குப்பை கொட்டியவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் இருந்தது சர்க்கார் டெலிவிஷன் மட்டும்; அதில் வாரம் ஒரு மாநில மொழி. ஒரியா வரும், அஸ்ஸாமி வரும், யாருக்குமே என்னவென்று புரியாத மொழியெல்லாம் வரும். தமிழ் வருவதற்குள் நமக்கு ரிடையர்மென்ட் வந்துவிடும். கட்டடத்தில் கலர் டிவி இருந்தது கஸ்தூரிரங்கன் வீட்டில் மட்டும். அந்த வீட்டில் இருந்ததோ ஒரு ஹால், ஒரு சமையலறை. ஹாலில் டிவி, டிவிக்கு எதிரே குடும்பம் குடும்பமாகக் கட்டடத்துத் தமிழ் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நாங்கள், எங்களுக்கு நடுவே தொட்டில், தொட்டிலுக்குப் பக்கத்தில் முழு வேகத்தில் கூலர். ஸ்வெட்டர், மப்ளர், ரஜாய் சகிதம் வரிசையாக உட்கார்ந்தோம். பத்ரிநாத் யாத்திரைக்குக் கிளம்பிய கூட்டம் மாதிரி இருந்தது.

படம் ஆரம்பித்தது. ஒரு வசனம் காதில் விழவேண்டுமே! மாதக்கணக்கில் காத்திருந்த தமிழ்ப் படத்தை, கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தைப் படித்துப் புரிந்துகொண்டோம். மாடிப் போர்ஷன் நல்லசிவம் திருநெல்வேலிக்காரர். இங்கிலீஷ் வேகமாக ஓடினால் பிடிக்க மாட்டார். டில்லியில் பிறந்த அவருடைய மகள் அதைப் படித்து, அவர் காதில் வாய் வைத்து இந்தியில் கத்தினாள்.

"பப்பா, வோ போல் ரஹா ஹை, மா முஜே மாஃப் கர் தோ!"

நல்லசிவம் அதைத் தனக்குள் தமிழாக்கிக்கொண்டு, "அம்மா, என்னை மன்னிச்சிரும்மாங்கான்" என்று எங்களுக்கு அறிவித்துவிட்டு, மப்ளரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தமிழ் வசனம் இத்தனை ஊர் சுற்றிவிட்டுத் தமிழனிடம் வந்துசேர்ந்து, அப்படியும் அவரை அழவைத்ததே, சும்மா சொல்லக்கூடாது.

கதாநாயகியை யாரோ கத்தியோடு நெருங்குகிற நேரத்தில் கரண்ட் போயிற்று.

டிவி செத்தது. கூலர் முனகி, தடதடத்து, நின்றது. மே மாதத்திலிருந்து ஓயாத அந்த இரைச்சல் ஓய்ந்ததும் எங்களுக்குக் காதுக்குள் என்னவோ போல் ஆயிற்று. தெருவில் சைக்கிள் மணி கேட்டது. கடலை விற்கிறவரின் குரல் கேட்டது. கரோல் பாகில் இப்படியெல்லாம் உண்டா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கஸ்தூரிரங்கன் முகம் வெளிறிவிட்டது. "எழுந்துடுவா! எழுந்துடுவா! எல்லாரும் சத்தம் போடுங்கோ! ஷ்ஷ்ஷ்ஷ்!" என்று தொட்டிலின் தலைமாட்டில் மண்டியிட்டுக் கூலராகவே மாறிவிட்டார். கன்னம் இரண்டும் உப்ப, கண் பிதுங்க, விடாமல் ஊதினார். கையை ஆட்டி எங்களையும் ஏவினார். என்ன செய்வது, டிவி அவருடையதாயிற்றே. நாங்களும் "ஷ்ஷ்ஷ்ஷ்" என்றோம். நல்லசிவம் தன் பங்குக்குத் தொண்டையில் "டுர்ர்ர்" என்று மோட்டாரும் சேர்த்தார். பாரத சர்க்காரின் பல இலாகாக்கள் அன்று அந்த ஹாலில் ஒருமனதாகச் செயல்பட்டன.

ஆனால் வாய்க்காற்று எத்தனை நேரம் தாங்கும்? ஒவ்வொருவராக மூச்சு வாங்கி ஓய்ந்தோம். கஸ்தூரிரங்கன் மட்டும் ஓயவில்லை. தொட்டிலில் ருக்கு கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. முன்னால் மண்டியிட்டு ஊதிக்கொண்டிருக்கும் தகப்பனாரை வேடிக்கை பார்த்தாள்.

சமையலறை வாசலில் வத்சலா நின்றிருந்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கக்கூட அவளுக்குப் பயம். குழந்தை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. வத்சலா கத்தவில்லை; கத்திக் கத்தித்தான் பார்த்தாயிற்றே. எங்களுக்கே கேட்டதோ இல்லையோ என்கிற குரலில், "ருக்கு" என்றாள்.

ருக்கு திரும்பினாள்.

திரும்பி, அம்மாவைப் பார்த்து, இரண்டு பல் தெரியச் சிரித்தாள். என் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். வத்சலா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏன்னா, பாத்தேளா? கேக்கறது! குழந்தைக்குக் காது கேக்கறது!"

"ஷ்ஷ்ஷ்ஷ்" என்றார் கஸ்தூரிரங்கன், கூலரைப் பார்த்தபடி.

"ஏன்னா!"

"ஷ்ஷ்ஷ்ஷ்."

"உங்களைத்தான் கூப்பிடறேன்!"

ருக்கு ஒவ்வொரு தடவையும் திரும்பினாள். நாங்கள் திரும்பினோம். கடலைக்காரர்கூட ஜன்னல் பக்கம் திரும்பினார். கஸ்தூரிரங்கன் திரும்பவில்லை. வத்சலா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அந்தக் குடும்பத்தில் யாருக்குக் காது போய்விட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். எழுந்து போய்க் கூலரின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைக் கூலரிலிருந்து கழற்றிச் சுருட்டி, அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ருக்குவுக்காக ஓடியது ஒரு சின்ன டேபிள் ஃபேன், அறையின் அந்தக் கோடியில், சுவரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக. ருக்கு கண் அசந்ததும் வத்சலா அதையும் நிறுத்திவிடுவாள். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தவள் அவள்தானே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் தொட்டிலும் இல்லை, ஜனவரியில் ஓடுகிற கூலரும் இல்லை. ரொம்ப சந்தோஷம். ஆனால் கூலரைத் தகரத்தில்தான் செய்யவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே? ஆபீஸ் கதையில் செய்யலாம், அரசியல் பேச்சில் செய்யலாம், முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்த பத்திரிகையிலும் செய்யலாம். நீங்கள் நல்லசிவத்தின் மோட்டார் சத்தத்துக்குச் சிரித்தீர்களே, அப்போது உங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் உங்களைக் கூப்பிட்டது. கேட்கவில்லையா?

ஒன்பது மாசக் குழந்தையே திரும்பிப் பார்த்துவிட்டது. எழுந்து போங்கள்.