கோப்பையைத் தட்டிப் பார்த்த வரக்காப்பி

விருத்தாசலத்தில் எந்த டீக்கடைக்காரரையும் கையெடுத்துக் கும்பிட வைக்கும் வல்லமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. எங்கள் செராமிக் யூனிட்டில் சூளைக்குப் பொறுப்பாக இருக்கும் அவரை 'வரக்காப்பி' என்றால்தான் ஊரில் தெரியும். முதலாளிக்கே அவருடைய சொந்தப் பெயர் தேவைப்பட்டால், அலுவலகம் பார்க்கிற என்னிடம்தான் கேட்பார்.

வரக்காப்பி பாலைத் தொட மாட்டார். தயிர், மோர், நெய், தேன் எதுவும் கிடையாது. பாலில்லாத காப்பி கேட்பதோடு நிறுத்தினால் யாருக்கும் தொந்தரவில்லை. "இந்தப் பாத்திரத்துல எப்பவாச்சும் பால் காச்சினீங்களா?" என்று அடுத்ததாகக் கேட்பார். அதுவும் டீக்கடையில்.

"யோவ், இது டீக்கடைய்யா! பால் காச்சாம பாயாவா காச்சுவாங்க?" என்று ஜங்ஷன் எதிரே கடை வைத்திருப்பவர் ஒருநாள் கத்தினார்.

"கோவப்படாதீங்க. புதுசா ஒரு பாத்திரம் வாங்கிக் குடுக்கறேன். எனக்கு மட்டும் அதுல போடுங்க" என்றார் இவர். வாங்கியும் கொடுத்தார். அடுத்த வாரம் அவசரத்துக்குக் கடைக்காரர் அதில் பாலைக் காய்ச்சிவிட, வாசனையிலேயே கண்டுபிடித்து, இவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

காரணம் உண்டு. அவர் தெருவில் ஒரு பசுவின் கன்று செத்துப்போயிற்று. அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறந்தார்கள். "அது அந்த வக்கப்புல்லு கன்ன நக்கிக்கிட்டே இருந்துச்சி சார். அதப் பாத்தேன். அவ்ளோதான்" என்பார்.

பாலோடு நின்றிருந்தால் யூனிட் தப்பித்திருக்கும். எங்கள் பொம்மைகளுக்கு அணில் முடித் தூரிகையால்தான் கண் எழுதுவார்கள். "அந்த அணிலு என்னா பாவம் பண்ணுச்சி?" என்று கேட்டு, தூரிகைகளை எல்லாம் ஒளித்துவைத்துவிட்டு, தேங்காய் நாரைக் கட்டித் தானே தூரிகை செய்து கொடுத்தார். அந்தத் தடவை சூளையிலிருந்து வந்த பொம்மைகள் அத்தனையும் எதையோ கண்டு திடுக்கிட்டு நின்றன. வெண்ணெய்ப் பானைக்குள் கைவிட்ட கிருஷ்ணர் போலீஸைப் பார்த்ததுபோல் விழித்தார். முதலாளி நைலான் பிரஷ் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேசினார்.

இவருக்கு ஒரே மகள், தேன்மொழி. புதுச்சேரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. தேனை விட்ட கையோடு மகளின் பெயரையும் மாற்றிவிடுவாரோ என்று அவர் மனைவி கொஞ்ச நாள் பயந்தாராம். அவளுக்கு வந்த முதல் வரன் பெண் பார்க்கும் இடத்திலேயே முறிந்தது. பிள்ளையின் அப்பா வந்து உட்கார்ந்ததும், "பெல்ட்டு தோலுங்களா, ரெக்சினுங்களா?" என்று இவர் விசாரித்துவிட்டார்.

இரண்டாவது, புதுச்சேரி வரன். தேன்மொழிக்கே பிடித்த பிள்ளை. அவனுடைய அம்மா கணவரை இழந்தவர், தனியாக நின்று மகனை ஆளாக்கியவர், கறாரானவர். "எல்லாரும் ஒரு வேளை ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். அப்பறம் பேசலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

தேன்மொழி அப்பாவுக்குப் போன் செய்தாள். "ஓட்டல நீங்களே பாத்து முடிவு பண்ணுங்கப்பா. ஆனா சாப்பிட உக்காந்த பின்னாடி ஒரு கேள்விகூட கேக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க. எனக்கு அவரப் புடிச்சிருக்குது."

சத்தியம் செய்துவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தார். "சார், உக்காந்த பின்னாடிதானே கேக்கக் கூடாது? அதுக்கு முன்னாடி கேக்கலாம் இல்ல?"

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் அவரும் புதுச்சேரிக்குப் புறப்பட்டோம். அவர் மனைவிக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கூடவே இருங்க தம்பி. சாப்பிடற எடத்துல வாயத் தொறந்தாருன்னா கால மிதிங்க" என்றார்.

கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் முதல் கடை. வெள்ளைச் சுவர், நிறையப் பூந்தொட்டி. வாசல் பலகையில் 'வீகன்' என்று எழுதியிருந்தது. பால், முட்டை, தேன் எதுவும் சேர்க்காத சாப்பாட்டுக்கு அப்படிப் பெயர் என்று விளக்கினேன்.

"இதுக்கு ஒரு பேரே இருக்குதா சார்? நம்ம ஊர்ல கிறுக்குன்னு இல்ல சொல்றாங்க!"

உள்ளே போனோம். பணியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இவர் உட்காரவில்லை.

"உக்காருங்க சார்."

"வேணாம் தம்பி. உக்காந்துட்டா நான் பேசக் கூடாது."

சத்தியம் சத்தியம்தான். அன்று காலை முழுவதும் வரக்காப்பி நின்றுகொண்டே சாப்பிட்டார். அவர் நிற்கும்போது நான் மட்டும் உட்காருவது எப்படி? நானும் நின்றேன். ஓட்ஸ் பாலில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, "கஞ்சித் தண்ணியில டிக்காஷன ஊத்தியிருக்காங்க" என்றார். அடுத்த கடையில் முந்திரிப் பருப்பில் செய்த சீஸைத் தூவி ஒரு தோசை வந்தது. "நல்லாத்தான் இருக்குது. ஆனா தோசைய எதுக்கு இந்தப் பாடு படுத்தறாங்க?" என்றார். முட்டையும் வெண்ணெயும் சேராத கேக்கை மட்டும் குறை சொல்லாமல் தின்று, கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கடையிலேயே தேங்காய்ப் பாலில் செய்த பலாப்பழ ஐஸ்கிரீம் இருந்தது. "மாட்டுப் பால் சொட்டுக் கூட இல்லியே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு ஒரு வாய் வைத்தார். கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார்.

"ஐஸ்கிரீம் எப்படி இருக்கும்னே மறந்துட்டேன் சார்" என்றார்.

மூன்றாவதாக, ஓர் அம்மா தன் வீட்டின் முன்பக்கத்தில் நடத்தும் சின்ன ஓட்டல். அவரும் பால் பொருளைச் சேர்க்காதவர். வரக்காப்பி அடுப்படி வரைக்கும் போய், எண்ணெய், வெல்லம், பெருங்காயம், வடிகட்டி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அந்த அம்மா சலிக்காமல் பதில் சொன்னார். "இங்கதான் சார்" என்றார் இவர். கேட்க வேண்டியது எல்லாவற்றையும் கேட்டுவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

மதியம் எல்லோரும் வந்தார்கள். தேன்மொழி அப்பாவைப் பார்த்து ஒருமுறை கண்ணை உருட்டினாள். அவர் உட்கார்ந்தார், வாயை மூடிக்கொண்டார். வாழைப்பூ வடை, காளான் பிரியாணி, நிலக்கடலைத் தயிரில் பச்சடி, இளநீர்ப் பாயசம். பிள்ளையின் அம்மா பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

கடைசியில் வரக்காப்பி வந்தது, அதாவது காப்பி. மெல்லிய, வெள்ளை வெளேரென்ற கோப்பைகளில்.

நம்மவர் கோப்பையை நகத்தால் தட்டினார். கணீரென்றது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். பின்னால் இருந்த விரல்களின் நிழல் கோப்பைக்குள் தெரிந்தது. அவர் முகம் வெளுத்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மாட்டு எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி மண்ணோடு கலந்து செய்யும் போன் சைனா என்று ஒரு வகை உண்டு. அதுவும் இப்படித்தான் மெல்லியதாக இருக்கும், இப்படித்தான் ஒலிக்கும்.

கோப்பையைக் கீழே வைத்தார். மேலே பார்த்தார். மகளைப் பார்த்தார். நெற்றியில் வியர்த்தது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"என்னாங்க, காப்பி புடிக்கலியா?" என்றார் பிள்ளையின் அம்மா.

நான் காலை மிதித்தேன். இவர் காலை இழுத்துக்கொண்டார். மறுபடி மிதித்தபோது பிள்ளையின் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஒண்ணும் கேக்கலம்மா" என்றார் வரக்காப்பி. "கேக்கல. சொல்றேன். இந்தக் கப்புல மாட்டு எலும்பு இருக்குது."

பிள்ளையின் அம்மா வாயருகே போன கோப்பையை அப்படியே நிறுத்தினார். தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். ஓட்டல்கார அம்மா ஓடிவந்தார்.

"எலும்பா? என்னாங்க சொல்றீங்க? உங்க ஊர்ப் பக்கமிருந்து வந்த கப்புதாங்க இது. விருத்தாசலத்து சரக்குன்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க."

என் கோப்பையின் காப்பியைத் தட்டில் ஊற்றிவிட்டு, கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நீல நிறத்தில் ஒரு கிளி. எங்கள் யூனிட்டின் முத்திரை. மெல்லிய போர்சலின் கோப்பை ஒரே ஒருமுறை செய்து பார்த்தோம். எலும்பெல்லாம் கிடையாது, வெறும் மண்ணும் கல்லும்தான். சூளையைவிட்டு நகராமல் உட்கார்ந்து சுட்டெடுத்தவர் இவரேதான். ஆனால் சூளையில் அடுக்கடுக்காகப் பார்த்த கோப்பையை, மேஜை மேல் தனியாக, காப்பியோடு அவர் பார்த்ததே இல்லை. எங்கே போனாலும் அவருக்கு எவர்சில்வர் டம்ளர்தான்.

கிளியை அவரிடம் காட்டினேன். வாங்கித் தடவிப் பார்த்தார்.

"நம்ம சூளையா சார்? நம்ம சூளையிலயா இப்படி வந்துச்சி?"

ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிள்ளையின் அம்மா கேட்டார்: "எதையும் கேக்கக் கூடாதுன்னு பொண்ணு சொல்லியிருந்துச்சா?"

இவர் தலையாட்டினார்.

"வந்ததுலேருந்து பாக்கறேன். வாய மூடிக்கிட்டு நீங்க படற பாடு எனக்கே தாங்கல. பொண்ணு பேச்சுக்கு இவ்ளோ தவிக்கிற அப்பாவ நான் பாத்ததில்லீங்க. இப்ப கேளுங்க. என்னா வேணுமோ கேளுங்க."

வரக்காப்பி மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்றாள்.

"கல்யாணத்த எந்த மாசம் வெச்சிக்கலாங்க?"

"அதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்கு ஒரு நடை வாங்க, சம்பந்தி. கப்பையெல்லாம் கவுத்து வெக்கிறேன். பாத்துட்டு அப்பறமா காப்பி குடிங்க."

தை மாதம் கல்யாணம். சமையல்காரர் இப்போதே என் அலுவலகத்துக்கு வந்து, "அண்ணன்கிட்ட கொஞ்சம் சொல்லி வெய்ங்க சார்" என்று கெஞ்சிவிட்டுப் போகிறார். நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

எங்கள் வீட்டில் சமையலறை மேல்தட்டில் ஒரு சின்னப் பாத்திரம் தனியாக இருக்கிறது. அவசரத்துக்குக்கூட என் மனைவி அதை எடுக்க நான் விடுவதில்லை. என்றைக்காவது ஒரு சாயங்காலம் வரக்காப்பி படியேறி வந்து, செருப்பைக் கழற்றும்போதே தன் பால் கேள்வியைக் கேட்பார். இல்லை என்று சொல்ல வேண்டும் எனக்கு.